இஸ்தோப்பில் தொங்கும் இரும்பு

தப்பு மேளத்தில் இரும்பு உண்டு என்பதை அதை அடிக்காதவர்கள் கவனிப்பதில்லை. தோலைப் பார்ப்பார்கள், குச்சியைப் பார்ப்பார்கள், தோலைக் காய்ச்சுகிற நெருப்பைப் படம் பிடிப்பார்கள். பழைய முறைத் தப்பின் வளையம் ஒரே மரமாக வருவதில்லை. வளைவாகச் செதுக்கிய மூன்று கட்டைகளை முனைக்கு முனை சேர்த்து, சேர்ந்த இடத்தில் இரும்புத் தகடு வைத்து ஆணி இறக்குவார்கள். சுண்ணாம்பில் ஊறி மயிர் கழிந்த மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசை தடவி அதன்மேல் இழுத்து ஒட்டிக் காயவிடுவார்கள். ஈரத்தோல் காய்ந்து சுருங்கும்போது வளையத்தை நாலு பக்கமும் உள்ளே நெருக்கும். அந்த நெருக்குதலை வாங்கிக்கொண்டு வட்டம் வட்டமாகவே நிற்பதற்குக் காரணம் அந்தத் தகடுகளும் சில ஆணிகளும்தான். தோல் கிழிந்தால் மாற்றலாம். குச்சி முறிந்தால் வேலியில் இன்னொன்று கிடைக்கும். தகடு போனால் தப்பு மூன்று விறகாகிவிடும்.

கண்டி நகரத்து மஹய்யாவயில் நான் கையில் வாங்கிப் பார்த்த ஒரு தப்பில் தகடு போய்க்கொண்டிருந்தது. வெளிப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. பல வருஷத்துக் கைப்பிடியில் அது கறுத்து வழவழப்பாக இருந்தது. உட்பக்கம் திருப்பினால் செங்கல் பொடியைப் போல விரலில் ஒட்டியது. ஆணிகளில் ஒன்றின் தலையே இல்லை. இருந்த ஆணிகளைச் சுற்றி மரத்தில் மைக்கறை மாதிரி ஒரு கறுப்பு வட்டம். அது மைக்கறையேதான் என்றும் சொல்லலாம்: மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு உண்டாகும், பழைய காலத்து எழுதுமையை இந்தச் சேர்க்கையில்தான் காய்ச்சினார்கள். தகட்டின் ஒரு முனை மரத்தைவிட்டு எழும்பியிருந்தது. யாரும் நெம்பவில்லை. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே அது வளர்ந்தால் ஆணியைப் பிடுங்கிவிடும், அல்லது மரத்தைப் பிளந்துவிடும்.

கண்டியில் இது நடப்பதில் ஆச்சரியமில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம், சுற்றிலும் மலை, நடுவில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டிய குளம், இரண்டு பருவக்காற்றிலும் மழை. இரும்பு எந்த ஈரத்தில் கெடத் தொடங்குகிறது என்பதை வெர்னன் என்ற ஆங்கிலேயர் 1920களிலும் 30களிலும் பொறுமையாக அளந்தார். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 60 வீதம் வரைக்கும் இரும்பு பெரிதாக அசைவதில்லை. அதைத் தாண்டியதும், அதிலும் காற்றில் கந்தகப் புகையோ உப்போ கலந்திருந்தால், துரு வேகமெடுக்கும். கண்டியின் சராசரி ஈரப்பதன் வருஷம் முழுவதும் அந்தக் கோட்டுக்கு மேலேதான். மஹய்யாவக்கு அதோடு வீதிப் புகையும் உண்டு. மாத்தளைக்கும், அதற்கப்பால் யாழ்ப்பாணம் வரைக்கும் ஓடுகிற ஏ9 வீதி இந்தக் குடியிருப்பை உரசிக்கொண்டு போகிறது.

ஆனால் ஈரத்தை மட்டும் குற்றஞ்சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே நகரத்தில், அதே மழையில், அறுபது எழுபது வருஷத்து ஆர்மோனியங்கள் நல்ல குரலோடு இருக்கின்றன. வீணைகள் இருக்கின்றன. தப்பு மட்டும் ஏன் இப்படி என்று பார்த்தால், அது எங்கே தொங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தப்பு இஸ்தோப்பில் தொங்கும். லயத்துக் காம்பராவுக்கு முன்னால் தகரக் கூரை இறங்குகிற அந்த ஒடுக்கமான திண்ணைக்குத்தான் இஸ்தோப்பு என்று பெயர். சாரல் அடிக்கிற இடம், ஈரக்குடை வைக்கிற இடம், செருப்பு கழற்றுகிற இடம். அங்கே சுவரில் அறைந்த ஆணியில் தப்பு தொங்கும். ஏன் உள்ளே வைப்பதில்லை என்று நான் பார்த்த தப்பின் சொந்தக்காரரிடம் கேட்டேன்.

“உள்ள கொண்டுவந்தா வீட்டுக்கு ஆகாதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க தம்பி. சாவுக்குப் போயிட்டு வர்ற சாமான் இல்லையா.”

“நீங்களும் சாவுக்குப் போயிட்டுத்தானே வர்றீங்க அண்ணே?”

“நான் குளிச்சிட்டு உள்ள போயிருவேன். தப்பு குளிச்சா தோல் போயிருமே.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் துருவின் கதை முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது. கண்டிக்கு மாநகர சபை வந்தது 1865இல். நகரத்தின் குப்பையையும் மலத்தையும் அள்ளுவதற்கென்று தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் மஹய்யாவயில் இருக்கிறார்கள். கலிங்க டியூடர் சில்வாவும் மற்றவர்களும் 2009இல் வெளியிட்ட இலங்கைச் சாதி பற்றிய ஆய்வு நூலில் கண்டி நகரத் துப்புரவுத் தொழிலாளருக்குத் தனியாக ஓர் இயலே உண்டு. நகரம் யாரை வெளியே வைத்ததோ, அவர்கள் தங்கள் வாத்தியத்தைத் தங்கள் வாசலுக்கு வெளியே வைத்தார்கள். தீட்டு மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் வாயில்லாத ஒரு சாமானின் தலையில் விழுந்திருக்கிறது. இந்த வரிசையின் அடியில் இருப்பது தப்பு. தப்பின் அடியில் இருப்பது தகடு.

ஒப்பிட்டுப் பார்க்கத் தூரம் போக வேண்டாம். நடந்தே போகக்கூடிய தொலைவில் தலதா மாளிகை இருக்கிறது. அங்கே ஹேவிசி மண்டபம் என்று மேளத்துக்கென்றே ஓரிடம். தவுலும் தம்மட்டமும் நாள்தோறும் பூசை வேளைக்கு அங்கே முழங்கும். அடிக்கிறவர்களின் குலத்தைச் சிங்களச் சமூகமும் உயரத்தில் வைத்ததில்லை. இருந்தாலும் மேளத்துக்குக் கூரை கொடுத்திருக்கிறது, நேரம் குறித்திருக்கிறது, ஆள் வைத்திருக்கிறது. நம் பக்கத்தில் வீணைக்குப் பெட்டி உண்டு, பட்டுத்துணி உண்டு, சரஸ்வதி பூசையன்று சந்தனப் பொட்டும் உண்டு. மெழுகில் பதித்த வெண்கல மெட்டுகள் இருபத்து நான்கையும் துடைக்கிற விரல்களுக்கு அது ஒரு வேலையாகவே தோன்றாது. கோயில் தவிலுக்கு உறை உண்டு. தப்புக்கு என்ன உண்டு? காய்ச்சுவதற்கு நாலு கடதாசியும் கொஞ்சம் வைக்கோலும்.

இத்தனைக்கும் மலையகத்தில் தப்பைப்போல் நாள் தவறாமல் உழைத்த வாத்தியம் வேறில்லை. தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் பதிகிற இடத்துக்கு, ஆள் கூட்டியது அதுதான். சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையில் விடியல் தப்பொலியில்தான் திடுக்கிடுகிறது. மாசியில் காமன் கூத்துக்குத் தப்பு வேண்டும், திருவிழாவுக்கு வேண்டும், சாவுக்கு வேண்டும். வேலை முடிந்தால் மறுபடி இஸ்தோப்புக்குப் போய்விட வேண்டும். தினமும் அடிபட்ட தப்பு தினமும் நெருப்பைக் கண்டது என்பதையும் சொல்ல வேண்டும். பிரட்டுக்குத் தப்படிக்கும் வழக்கம் ஓய்ந்த பிறகு அது வாரக்கணக்கில் நெருப்புக் காணாமல் கிடக்கிறது. துருவுக்கு அந்த ஓய்வு போதும்.

இங்கே மிருதங்கத்தை இழுக்காமல் இருக்க முடியவில்லை. கச்சேரி மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் இருக்கிற கறுப்பு வட்டத்தைச் சோறும் கல்தூளும் பிசைந்து அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றுகிறார்கள். கிட்டான் என்று வேலைக்காரர்கள் சொல்லும் அந்தக் கல், இரும்பும் மாங்கனீசும் கலந்தது. வெறும் தோலில் ஒழுங்கில்லாமல் சிதறும் அதிர்வுகளை இந்தக் கறுப்புப் பாரம் சுருதிக்குள் கொண்டுவருகிறது என்று சி.வி. ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதினார். எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. அந்தக் கல்லில் இருக்கிற இரும்பு ஏற்கெனவே ஒட்சிசனோடு கூடி முடிந்த இரும்பு. துரு பிடிப்பதற்கு அதில் இனி ஒன்றும் இல்லை. கச்சேரி மேடையில் நாதமாகப் புகழப்படுவது வேலையை முடித்துக்கொண்ட துருவுக்கு நெருங்கிய உறவு. இஸ்தோப்பில் அலட்சியமாகக் கிடப்பது வேலையைத் தொடங்கியிருக்கிற துரு.

அந்தக் கறுப்பை ஏற்றுகிற கைகள் யாருடையவை என்று பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ எழுதிய பிறகுதான் கச்சேரி ரசிகர்கள் பலர் யோசித்தார்கள். பாலக்காடு மணி ஐயரின் பெயர் தெரியாதவர் இல்லை. அவருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்தின் பெயர் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? அந்த நூலின் வெளியீட்டுக்குச் சென்னையின் கலாக்ஷேத்ரா முதலில் அரங்கத்தைத் தருவதாகச் சொல்லிப் பிறகு மறுத்துவிட்டது. தோலையும் கல்லையும் தொடுகிறவர்களுக்கு வாத்தியம் நுழைகிற இடமெல்லாம் நுழைய வாய்ப்பதில்லை. தப்பில் இன்னும் ஒரு படி கீழே: செய்பவரும் அடிப்பவரும் அதே ஆள்தான், வாத்தியத்துக்கும் அவருக்கும் ஒரே வாசல்தான்.

சரி, தகட்டை என்ன செய்வது? இதைப் பற்றி வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் சொல்வார்கள், பாதி தவறாக இருக்கும்.

முதல் தவறு புளி. குத்துவிளக்கையும் கைத்தாளத்தையும் புளி போட்டு விளக்கிப் பழகிய கை, துருப்பிடித்த இரும்பையும் புளியால் தேய்க்கப் பார்க்கும். புளியிலுள்ள புளிப்பு துருவைக் கரைக்கத்தான் செய்யும். தகடு சாம்பல் நிறத்தில் பளிச்சென்று வரும். அந்தப் பளிச்சென்ற இரும்புக்கு மேல் மூடி எதுவும் இல்லை. கழுவி ஈரம் காய்வதற்குள் மஞ்சள் பூத்துவிடும், மறுநாள் பழையபடி சிவக்கும். பித்தளைக்கும் இரும்புக்கும் ஒரே மருந்து கிடையாது. பித்தளைக்கு வருகிற பச்சைக் களிம்பு பெரும்பாலும் மேலோடு நிற்கிற நோய். இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளே வழிவிட்டுக்கொண்டே போகிற நோய். (புளியங்கொட்டைப் பசையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சதைக்கு இருக்கிற புளிப்பு கொட்டைக்கு இல்லை.)

இரண்டாவது தேங்காயெண்ணெய். நம் வீட்டில் எதற்கும் அதுதானே. ஏறக்குறைய 24 பாகையில் தேங்காயெண்ணெய் உறைந்துவிடும். கண்டியின் தை மாதத்து இரவு அதைவிடக் குளிர். உறைந்து உருகி, உருகி உறைந்து, சிக்கு வாடை வர ஆரம்பித்தால் அதில் அமிலம் ஊறுகிறது என்று அர்த்தம். பித்தளைப் பாகத்தில் இது பட்டால் பச்சை கட்டும். ஆர்மோனியத்தின் பித்தளை நாக்குகளில் எந்த எண்ணெயும் படவே கூடாது. ஒரு சொட்டுப் பிசுக்கும் அதைத் தொடர்ந்து ஒட்டுகிற தூசியும் சுருதியை இறக்கப் போதும். தையல் மெசின் எண்ணெய் மேல். அது கனிய எண்ணெய், சிக்கு வைக்காது. ஆனால் அதுவும் தோலுக்குப் பகை. தகட்டில் வைத்தது தோலுக்கு ஊறினால் அந்த இடத்தில் தப்பு பேசாது.

தகரக்குப்பியில் வருகிற டபிள்யூடி-40ஐ எல்லாவற்றுக்கும் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1953இல் அமெரிக்காவில் ஏவுகணையின் மேலோட்டில் ஈரம் தங்காமல் இருக்கச் செய்த சரக்கு அது. நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்ததால் பெயரில் நாற்பது. ஈரத்தை விரட்டும், இறுகிய மரையாணியை இளக்கும். இப்போதைய தவில்களில் பழைய வார்க்கட்டுக்குப் பதில் இரும்பு வளையமும் மரையாணியும் வந்துவிட்டனவே, அவற்றின் மரையில் துரு ஏறினால் சுருதி கூட்டவே முடியாது. அங்கே ஒரு துணியில் நனைத்துத் தொட்டுவைத்தால் நல்லது. குப்பியோடு தவில் மேல் பீய்ச்சுவது மடத்தனம். அதோடு, அது நாளாவட்டத்தில் காய்ந்து போகும், நிரந்தர மூடியாக நிற்காது.

தப்புக்கு என் கணக்கில் ஏற்றது தேன்மெழுகு. காரணம், இந்த வாத்தியத்தை எப்படியும் நெருப்பில் காட்டத்தான் போகிறோம். காய்ச்சி முடித்த சூட்டில் தகடும் சூடாக இருக்கும். உள்ளே இருந்த ஈரம் அப்போது வெளியேறியிருக்கும். அந்த நேரம் மெழுகுக் கட்டியைத் தகட்டின் மேல் ஓர் இழுப்பு இழுத்தால், உருகி, ஆணித்தலையைச் சுற்றியிருக்கிற இடுக்குக்குள் தானாக ஓடும். ஆறினால் கண்ணுக்குத் தெரியாத மூடி. கொல்லர்கள் அடித்து முடித்த இரும்பில் சூடு ஆறுமுன் மெழுகோ எண்ணெயோ தடவுவதும் இதே கணக்கில்தான். மெழுகு தோலில் படாமல் பார்த்துக்கொள்ள ஒரு கந்தல் துணி போதும்.

ஏற்கெனவே துருப்பிடித்த தகட்டுக்கு இன்னொரு வழி உண்டு. அதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அருங்காட்சியகங்களில் பழைய இரும்புப் பொருளுக்குத் துவர்ப்பமிலம் பூசுவார்கள். அது துருவோடு கூடி, கறுப்பாக, இறுக்கமாக, தண்ணீரில் சுலபமாகக் கரையாத ஒரு படிவாக மாறும். அந்தத் துவர்ப்பின் ஒன்றுவிட்ட சகோதரம் நம் அடுப்பில் தினமும் கொதிக்கிறது. டஸ்ட் தேயிலையைக் கைப்பிடி போட்டுச் சுண்டக் காய்ச்சிய சாயத்தண்ணி, பால் சீனி எதுவும் இல்லாமல். உதிரித் துருவைக் கம்பிநாரால் சுரண்டித் தட்டிவிட்டு, இந்தச் சாயத்தைத் துணியில் தொட்டுத் தகட்டில் மட்டும் ஒற்றினால், செந்நிறம் கண் முன்னால் கறுக்கும். மருந்துக்கடை அமிலத்தின் வலு இதற்கு இல்லை, இரண்டு மூன்று தடவை ஒற்ற வேண்டும், நன்றாகக் காயவிட்டு மேலே மெழுகும் ஏற்ற வேண்டும். மூடி இல்லாத சாயம் மட்டும் இரும்பைக் காப்பாற்றாது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்து லூல்கந்துராவில் தேயிலை நட்டார்; அதே வருஷம் ரயிலும் கண்டிக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து கொழுந்தெடுக்க ஆளை எழுப்பிய தப்புக்குத் தேயிலை திருப்பிச் செய்ய வேண்டிய கடன் ஏதாவது இருந்தால், இந்த ஒரு கோப்பைச் சாயத்தில் கொஞ்சம் கழியட்டும்.

இப்போது இளைஞர்கள் பலர் முழு வளையத்தையும் பட்டை இரும்பில் வளைத்து வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். தோலுக்குப் பதில் பிளாஸ்டிக். மழையில் நனைந்தாலும் சத்தம் இறங்குவதில்லை, காய்ச்ச வேண்டியதில்லை. இதை இகழ்கிற கூட்டத்தில் நான் இல்லை. மழையில் சவத்தின் முன்னால் இரண்டு மணி நேரம் நின்று அடிக்கிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் ஒன்று நடந்திருக்கிறது: காய்ச்சுவது போனதும் இரும்புக்குக் கிடைத்துவந்த சூடும் போயிற்று. முன்பு மூன்று தகடு; இப்போது வட்டம் முழுக்க இரும்பு. பெயின்ட் அடித்திருப்பார்கள், அடிக்குச்சி படுகிற விளிம்பிலும் தோளில் உரசுகிற இடத்திலும் அது முதலில் உதிரும். உதிர்ந்த இடத்தில் வியர்வை இறங்கும். வியர்வை என்றால் உப்பு. கடல் பார்க்காத கண்டியில் தப்புக்குக் கடற்காற்றைக் கொண்டுவந்து சேர்ப்பது அடிக்கிறவரின் உடம்புதான். எவர்சில்வர் வளையம் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. அதில் பத்தரை வீதத்துக்கு மேல் கலந்திருக்கிற குரோமியம் தானே ஒரு மெல்லிய மூடி போட்டுக்கொள்ளும், கீறினாலும் மூடிக்கொள்ளும். நாட்சம்பளக்காரரின் கைக்கு அது எட்டாத விலை என்பதைத் தவிர அதில் குறையில்லை.

தமிழ்நாட்டில் பறை என்ற பெயரில் இதே வாத்தியத்துக்கு மேடை கிடைத்துவிட்டது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் அடித்ததைப் பார்த்துத் தலைமுறைகளின் கூச்சம் விட்டவர்கள் உண்டு. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மலையகத்திலும் பாடசாலை விழாக்களிலும் ஊர்வலங்களிலும் தப்பு முன்வரிசைக்கு வருகிறது, கைதட்டல் வாங்குகிறது. நல்லதுதான். விழா முடிந்ததும் அது எங்கே போகிறது என்று கேட்டால் மட்டும் பதில் மாறவில்லை: பாடசாலையில் சாமான் அறையின் தரை, வீட்டில் இஸ்தோப்பு. மேடை ஒரு மணி நேரம். துருவுக்கு மிச்ச நேரம் முழுவதும் இருக்கிறது. தப்பை உயர்த்திப் பேசுகிற சொற்பொழிவில் ஒரு பகுதியையாவது அலுமாரிக்குச் செலவழிக்கலாம்.

உள்ளே கொண்டுவந்தால் எங்கே வைப்பது என்பதும் கேள்விதான். சுவரோடு ஒட்டி மாட்டக்கூடாது. விடியற்காலையில் சுவரும் இரும்பும் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். காம்பராவுக்குள் ஆறேழு பேர் விட்ட மூச்சின் ஈரமெல்லாம் குளிர்ந்த இரும்பில்தான் வந்து பனிக்கும். அடுப்புக்கு மேல் பரணில் வைக்கிற வீடுகளில் தப்பு நன்றாக இருக்கும். சூடும் உண்டு, காற்றோட்டமும் உண்டு. ஆனால் பிளாஸ்டிக்கும் ரப்பரும் எரிக்கிற அடுப்பானால் அந்தப் புகையே தகட்டைத் தின்னும். கேஸ் அடுப்பு வந்த வீட்டில் பரணால் பெரிய பலன் இல்லை.

மஹய்யாவ அண்ணனிடம் தப்புக்கு உறை ஒன்று தைக்கச் சொன்னேன். தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் தைத்துப் பழகிய தையல்காரர் தப்புக்கு அளவு தெரியாமல் விழித்தாராம். வாத்தியத்தையே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். குறுக்களவு ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. கெட்டியான பருத்தித் துணி வேண்டும், பழைய படங்குத் துணியானாலும் சரி. பொலித்தீன் வேண்டாம், அது மழையைத் தடுக்கும், உள்ளே இருக்கிற ஈரத்தையும் வெளியே விடாது. உட்பக்கம் ஒரு சிறு பை வைத்துத் தைத்து, வெயிலில் காயவைத்த அடுப்புக்கரி நாலு துண்டைத் துணியில் முடிந்து அதில் போட்டு, வாரத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி காயவைத்தால் போதும். தோளில் மாட்ட வார் வேண்டுமா என்று தையல்காரர் கேட்டிருக்கிறார். வேண்டும் என்று சொல்லச் சொன்னேன். பஸ்ஸில் கொண்டுபோகிறபோது இதுவரை பழைய சாக்கில் சுற்றி, சீட்டுக்கடியில் கால்களுக்கு நடுவே, ஈரத் தரையில்தான் வைத்துக்கொண்டு போனார்.